ஆறாவது கிலோமீட்டரில் நிற்கும் வண்டி

யுவராணி உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. ஸ்கூட்டர் சீட்டில் உட்காருவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றவர்கள் என் கடையில் வண்டியை விட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு செல்போனில் மூழ்கிவிடுவார்கள். இவள் நின்றுகொண்டே இருப்பாள். டீ வந்தால் நின்றபடியே இரண்டு மடக்கில் முடித்துவிடுவாள். நான் கழற்றிப் போடும் போல்ட்டுகளை எடுத்துத் துணியில் துடைத்து வரிசையாக அடுக்குவாள். “இன்னும் எவ்ளோ நேரம் பாய்?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ரோட்டு வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பார்களே, அந்த ரகம்.

என் பெயர் ஜுல்ஃபிகர். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்கூட்டர் மெக்கானிக். வாய் நீளம், கோபம் அதைவிட நீளம் என்று என் வாடிக்கையாளர்களே சொல்வார்கள். இந்தக் கதையில் தப்பு செய்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், நடுவில் நழுவப் பார்த்தால் நீங்கள் பிடித்துக்கொள்ளலாம்.

யுவராணி சென்னீர்குப்பத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நட்ட நிலமெல்லாம் குடோன் ஆனபோது அப்பா அதே இடத்தில் மூட்டை தூக்கினார். தூக்கிய காசில் மகளை லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படிக்க வைத்தார். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், சட்டைக் காலர் தைக்கிற மெஷின் முன்னால் பதினோரு வருஷம் உட்கார்ந்தாள். பாத்ரூம் போகக்கூட அங்கே டோக்கன் வாங்க வேண்டும். ஒரு டோக்கனுக்கு ஐந்து நிமிஷம். அந்தப் பதினோரு வருஷத்தைப் பற்றிக் கேட்டால் அவள் சொல்வது ஒரே வரிதான்.

“செத்தாலும் இனிமே ஒரே எடத்துல குந்த மாட்டேன் பாய்.”

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க ஆள் தேடியது. இவள் ஒரே வாரத்தில் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டாள். பழைய கார்புரேட்டர் வண்டி ஒன்றை நான்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பூந்தமல்லி, திருமழிசை என்று பத்துப் பன்னிரண்டு வீடு. எல்லோரும் முந்தின நாளிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள். வெறும் வயிற்றுக்காரர்களின் கோபம் எப்படி இருக்கும் என்று ரமலானில் என் வீட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும். ஆனால் இவளிடம் யாரும் கோபப்பட்டதில்லை. நரம்பே தெரியாத கையைத் தடவித் தடவி ஒரு இடத்தைக் கண்டுபிடித்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாளாம். எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து ஒன்பதரைக்குள் லேப்பில் சேர்க்க வேண்டும். தாமதமானால் சில பரிசோதனைகளுக்கு அது உதவாது. திரும்பப் போய்த் திரும்பக் குத்த வேண்டும்.

ஐப்பசி மழையில் அவள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அவள் கணவன் பரந்தாமன் வண்டியைத் தள்ளிக்கொண்டே என் கடை வரைக்கும் வந்துவிட்டான். டேங்கில் பெட்ரோலும் தண்ணீரும் பாதிப் பாதி. எல்லாவற்றையும் இறக்கி, டேங்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன்.

பரந்தாமனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனி மூடியது. அடுத்துச் சேர்ந்த கம்பெனி ஆறே மாதத்தில் மூடியது. ஒரு கூட்டாளியோடு சேர்ந்து தொழில் பண்ணலாம் என்று போட்ட கோழிக்கடையும் போனது. இப்போது ஹைவே ஓரம் ஒரு பெட்ரோல் பங்கில் நாள் முழுக்க நின்று பெட்ரோல் போடுகிறான். தன் கை பட்டது எதுவும் விளங்காது என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். பொங்கல் வைக்க அடுப்பு மூட்டச் சொன்னால்கூட, “நீயே பத்த வையி” என்று மனைவி கையில் தீப்பெட்டியைக் கொடுத்துவிடுவானாம்.

அப்படிப்பட்டவன் அந்த மழைக்குப் பிறகு தானாக ஒரு வேலை செய்தான். பால் பாக்கெட் கவரைக் கழுவி, காயவைத்து, வட்டமாக வெட்டி, சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்கின் வாயில் போர்த்தி, அதன் மேல் மூடியைத் திருகினான். சீட்டில் விழும் மழைத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே இறங்கக்கூடாதாம். எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் பல வண்டிகளில் இதைப் பார்க்கலாம். நான் சீட்டைத் தூக்கிப் பார்த்ததும், “பரவால்லியே, ஊட்டுக்காரருக்கு அக்கறை கீது” என்றேன். அந்த வார்த்தையை அவள் அப்படியே கொண்டுபோய் அவனிடம் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் புதுக் கவர்.

கார்த்திகையில் வண்டி நிற்க ஆரம்பித்தது. கிளம்பினால் ஐந்து, ஆறு கிலோமீட்டர் நன்றாகத்தான் ஓடும். பிறகு இருமும். ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க இழுக்காது, நின்றுவிடும். கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். மறுபடி ஆறாவது கிலோமீட்டரில் நிற்கும்.

நான் பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைப் பிரித்து ஊசித் துளையெல்லாம் ஊதினேன். ஃபில்டரை மாற்றினேன். டேங்கை இரண்டாவது முறை இறக்கினேன். என் கடைக்கு வந்தால் மட்டும் வண்டி பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். தெருவில் மூன்று சுற்று ஓட்டிப் பார்ப்பேன், ஒரு இருமல் கிடையாது. “உங்ககிட்ட வந்தா மட்டும் எப்டி பாய் நல்லா ஓடுது?” என்று அவள் கேட்பாள். நான் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. வண்டி வந்ததும் என் முதல் வேலை என்ன? சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. அந்த ஒரு நொடியில் நோய் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நான் ஆரோக்கியமான வண்டிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

காரணம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிற ஆள் நான் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பெட்ரோல் கோணல் என்றேன். “இப்ப வர்ற பெட்ரோல்ல சாராயம் கலக்கறாங்கோ, அது காத்துல கீற ஈரத்தையே இழுக்கும். உன் டேங்குல திரும்ப தண்ணி எறங்குது” என்று ஒரு பிரசங்கம் செய்தேன். பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டவும் செய்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. தெரிகிற மாதிரி நான் தலையை ஆட்டினேன்.

தண்ணீர் இறங்குகிறது என்று கேட்ட பரந்தாமன் என்ன செய்வான்? கவரை இரண்டாக்கினான். நான் மறுபடியும் தண்ணீர் என்றேன், மூன்றாக்கினான். பெட்ரோல் குறைந்தால்தான் நிற்கிறதோ என்று டேங்கையும் நிரப்பி நிரப்பி அனுப்பினான். வண்டி ஆறாவது கிலோமீட்டரில் நின்றது போய் நாலாவதிலேயே நிற்க ஆரம்பித்தது. நான் ஒவ்வொரு தடவையும் அந்தக் கவரை எடுத்து, உள்ளே பார்த்து, சுருக்கம் விழாமல் திரும்பப் போர்த்தி, மூடியை இறுக்கினேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ள இந்தக் கையால்தான் இறுக்கினேன்.

தை முடிவதற்குள் அவள் மூன்று தடவை லேப்புக்குத் தாமதமாகப் போய்விட்டாள். மேனேஜர் ராஜசேகரன் கத்துகிற ஆள் இல்லை. கூப்பிட்டு நிதானமாகச் சொன்னாராம். “இன்னொரு நாள் லேட்டானா வீடு வீடாப் போற இந்த லைன வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்மா. நீ கவுண்டர்ல உக்காந்து பில் போடு. சம்பளம் அதேதான்.”

சம்பளம் அதேதான் என்றபோது எனக்கு அது அவ்வளவு பெரிய தண்டனையாகத் தோன்றவில்லை, வாயைத் திறந்து சொல்லியும் விட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். “பதினோரு வருசம் குந்திகினு இருந்தேன் பாய். திரும்ப அங்க போவச் சொல்றீங்களா?” என்றாள். நான் வழக்கம்போல் பெட்ரோலைத் திட்டினேன்.

அந்த இன்னொரு நாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திருமழிசையில் சொர்ணம் என்று ஒரு அம்மா, சிறுநீரகக் கோளாறு. இரண்டு கையும் குத்திக் குத்தி நீலமாகிக் கிடக்கிறது. அன்றைக்கு ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று உடனே பார்க்க வேண்டும், டாக்டர் சொல்லியிருக்கிறார். யுவராணி நாற்பது நிமிஷம் தடவிப் பார்த்து, கடைசியில் கட்டை விரலுக்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு நரம்பைப் பிடித்தாள். அந்த அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “இத்தோட வுட்டுடும்மா, இன்னொரு தபா குத்தாத” என்றாளாம். “குத்த மாட்டேம்மா, சத்தியமா” என்று இவள் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சென்னீர்குப்பம் தாண்டுவதற்குள் வண்டி நின்றது. மணி எட்டு ஐம்பது. கிக்கர் அடித்தாள், வரவில்லை. எனக்குப் போன் செய்தாள். எனக்குக் கை முழுக்க கிரீஸ், நான் எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோ இரண்டு போனது, இரண்டிலும் ஆள் தொங்கிக்கொண்டு போனார்கள். வண்டியையும் ரத்தப் பெட்டியையும் ரோட்டில் விட்டுவிட்டு எங்கே போவது? கொஞ்ச தூரம் தள்ளினாள். ஒன்பதே கால் ஆனது. அப்புறம் வந்த கோபத்தில் சீட்டைத் தூக்கி மூடியைத் திருகி எடுத்தாள்.

மூன்று கவரும் டேங்கின் வாய்க்குள் கிண்ணம் மாதிரி குழிந்து, விளிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் ஓரத்தைக் கிளப்பியதும் உஸ் என்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். யுவராணி அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். ரத்தம் எடுக்கிற குழாயில் காற்றை முன்னமே உறிஞ்சி வைத்திருப்பார்கள். ஊசி நுழைந்ததும் உள்ளே இருக்கிற வெற்றிடம்தான் ரத்தத்தை இழுக்கும். தினமும் நாற்பது குழாயில் அவள் அதைப் பார்க்கிறாள். மூடியைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று உள்ளே வர வேண்டும். கவர் அதை அடைத்துவிட்டது. கொஞ்ச தூரம் ஓடியதும் டேங்க் பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. கால் மணி நேரம் நின்றால் கவரின் ஓரமாகக் கொஞ்சம் காற்று கசிகிறது, திரும்ப ஓடுகிறது. அன்றைக்கு மூன்று கவரும் ஒட்டிக்கொண்டதில் அந்தக் கசிவும் நின்றுபோனது. ஒரு மெக்கானிக்குக்கு மூன்று மாதமாகப் புரியாத விஷயம், ரோட்டோரத்தில் நின்ற அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

கவரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். அம்பத்தூர் வரைக்கும் ஒரு இருமல் இல்லை. லேப்புக்குள் நுழைந்தபோது ஒன்பது ஐம்பத்தைந்து. மற்ற ரத்தமெல்லாம் தேறியது, சொர்ணம் அம்மாவுடையது தேறவில்லை. அங்கிருந்து மறுபடி திருமழிசைக்குப் போனாள். அந்த அம்மா திட்டவில்லையாம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாளாம்.

ராஜசேகரன் சொன்னபடி செய்தார். மறுநாளிலிருந்து கவுண்டர். ஆனால் ஒரு வழியும் விட்டிருந்தார். “வண்டியில இன்னா கோளாறு, எதனால வந்தது, சரி பண்ணியாச்சான்னு மெக்கானிக்கிட்ட எழுதி சீல் போட்டு வாங்கினு வா. ஒரு வாரம் பாத்துட்டு லைனத் திருப்பித் தர்றேன்.”

அன்று மத்தியானம் அவள் என் கடைக்கு வந்து, அந்த மூன்று கவரையும் என் மேசையில் வைத்தாள். மூடியைக் கவிழ்த்து ஓட்டையைக் காட்டினாள். தொழில் கற்றுக்கொள்ளும்போது முதல் மாதத்தில் சொல்லித் தருகிற விஷயம் அது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் ஓடியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

“திட்டுமா” என்றேன்.

“திட்டறதுக்கு நேரம் இல்ல பாய். லெட்டர் எழுதுங்க.” நின்றபடியே சொன்னாள். “ஆனா இத எழுதாதீங்க.”

“பின்ன இன்னாத்த எழுதறது?”

“வேற இன்னா வேணாலும் எழுதுங்க. அந்த லெட்டர எங்க ஊட்டுக்காரரு கண்டிப்பா படிப்பாரு. ஞாயித்துக்கெழம ஆனா அவரு கத்திரிக்கோல வெச்சிகினு இந்தக் கவர வட்டமா வெட்டுவாரு பாய். ஓரம் கோணலாப் போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வெட்டுவாரு. கம்பெனி மூடுனதுலருந்து அந்தாளு மூஞ்சில நான் சிரிப்பப் பாத்ததே அப்பதான். என் கை வெளங்காத கைன்னு ஏற்கெனவே சொல்லிகினு கீறாரு. இதுவும் தன்னாலதான்னு தெரிஞ்சா…” ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் உடனே தலையாட்டிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். என் கடையில் போர்டுகூடச் சரியாக இல்லை, கைராசியை நம்பித்தான் ஆள் வருகிறது. தப்பு என் மேல் என்று எழுதி, என் சீலையே அதன் மேல் குத்தினால் நாளைக்கு யார் வருவார்கள்? கொஞ்ச நேரம் ஸ்பேனரை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றினேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். ‘பெட்ரோல் டியூபை நான் மடங்கலாக மாட்டியதால் வண்டி அடிக்கடி நின்றது. மூன்று மாதமாக நான் அதைக் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையது. சரி செய்துவிட்டேன். இனி நிற்காது.’ எழுதி முடித்துப் படித்தபோதுதான் தெரிந்தது, டியூப் ஒன்றைத் தவிர மீதி எல்லாம் நிஜம். மூடியையும் புதிதாக மாற்றினேன். உள்ளேயே ரப்பர் இருக்கிறது, இதற்குக் கவர் தேவையில்லை என்று வீட்டில் சொல்லச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் பரந்தாமன் பங்க் சட்டையைக்கூட மாற்றாமல் வந்தான். டீக்கடையில் நாலு பேர், எதிர்க்கடை வாசலில் மெக்கானிக் மதுரைவீரன், எல்லோரும் பார்க்கிறார்கள். அவன் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“மூணு மாசம் பாய். மூணு மாசமா எம்பொண்டாட்டி ரோட்டுல வண்டியத் தள்ளிகினு நின்னா. நீ டியூப மடக்கி மாட்டிட்டு பெட்ரோல கொற சொன்ன. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? நான் அந்த வண்டியத் தொட்டதாலதான் இப்டி ஆவுதுன்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் அப்டித்தான் நெனச்சேன். சோறு எறங்கல பாய் எனக்கு.”

ஆனால் முகத்தில் கோபத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. நிறைய நாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவனின் முகம் அது. கவர் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நிஜமாகவே வந்தது.

“ஆமா பரந்தாமா. உன் கையில ஒண்ணும் இல்ல. என் தப்புதான்” என்றேன்.

“இனிமே எங்க வண்டி உன் கடைக்கு வராது” என்று சொல்லிவிட்டு நேராக ரோட்டைத் தாண்டி மதுரைவீரன் கடைக்குப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரைவீரன் அந்த வண்டிக்குச் செய்தது வாட்டர் வாஷ் மட்டும். அதற்குப் பிறகு வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. பங்குக்கு வருகிறவர்களிடமெல்லாம் பரந்தாமன் மதுரைவீரனின் கைராசியைப் பற்றிச் சொல்கிறான். என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் ரோட்டைத் தாண்டிவிட்டார்கள். உங்களிடம் இதைச் சொல்வதுகூட, நீங்கள் அந்தப் பங்கில் பெட்ரோல் போடுகிறவர் இல்லை என்ற நம்பிக்கையில்தான்.

யுவராணிக்கு ஒரே வாரத்தில் லைன் திரும்பக் கிடைத்துவிட்டது. கவுண்டரில் இருந்த ஆறு நாளும் அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே பில் போட்டதாகக் கேள்வி. இப்போது தினமும் எட்டே முக்காலுக்கு ஐஸ் பெட்டியோடு என் கடையைத் தாண்டுகிறாள். நிற்பதில்லை, திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை. எஞ்சின் சத்தம் சீராக இருக்கிறது. அதைக் கேட்டு எதிர்க்கடை வாசலில் மதுரைவீரன் மீசையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்க்கிறான். நான் குனிந்து வேலையைப் பார்க்கிறேன், வாயைத் திறப்பதில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.